ஹோட்டலில் கூட்டம் இருக்கு, லாபம் எங்கே போகுது? 5.69 லட்சம் கோடி ரூபாய் தொழிலின் உள்கணக்கு

சனிக்கிழமை ராத்திரி எட்டு மணி. நீங்கள் வேலை பார்ப்பது பெங்களூரோ, புனேயோ, குருகிராமோ, பேர் தெரிந்த ஹோட்டல் ஒன்றுக்குப் போனால் வாசலில் பெயர் கொடுத்துவிட்டு அரைமணி நேரம் நிற்க வேண்டும். அதே தெருவில், போன வருஷம்வரை நீங்கள் மதியச் சாப்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்த கடையில் 'வாடகைக்கு' போர்டு தொங்கும். இரண்டும் ஒரே தொழில்தான்.

வெளியே சாப்பிடுவதும், வீட்டுக்கு வரவழைத்துச் சாப்பிடுவதும் இந்தியாவில் கூடியிருக்கிறது. இதில் சந்தேகமே இல்லை. ஆனால் சமைத்துப் போடுகிறவர் கையில் கடைசியில் என்ன மிஞ்சுகிறது என்பது தனிக் கேள்வி. அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். கொஞ்சம் கணக்கு வரும். பயப்பட வேண்டாம், எல்லாம் பெருக்கல் வகுத்தல்தான்.

பெரிய எண்ணை எப்படிப் படிப்பது?

இந்தத் தொழிலைப் பற்றிய எந்தச் செய்தியைத் திறந்தாலும் ஓர் எண் முன்னால் வந்து நிற்கும்: 5.69 லட்சம் கோடி ரூபாய். இந்திய தேசிய உணவகங்கள் சங்கம், சுருக்கமாக என்ஆர்ஏஐ, 2024-இல் வெளியிட்ட அறிக்கையில் 2023-24 நிதியாண்டுக்குச் சொன்ன மதிப்பு இது. நாளொன்றுக்குச் சுமார் 1,560 கோடி ரூபாய் வருகிறது. கேட்க மலைப்பாக இருக்கும். அதையே 140 கோடி பேருக்கு வகுத்தால் தலைக்கு மாதம் 340 ரூபாய்கூடத் தேறாது. உங்கள் ஆபீஸில் ஒருவர் ஒரே ராத்திரியில் ஆர்டர் செய்யும் பிரியாணியும் சிக்கன் 65-உம் அந்தக் காசைத் தாண்டிவிடும். அதாவது, நம் கண்ணில் படும் நகரத்து ஹோட்டல் உலகம் நாட்டின் சராசரியிலிருந்து ரொம்ப தூரத்தில் இருக்கிறது.

வளர்ச்சி எவ்வளவு? கோவிட்டுக்கு முந்தைய 2019-20-இல் இதே சங்கத்தின் மதிப்பீடு சுமார் 4.23 லட்சம் கோடி. 2020-21-இல் அது பாதிக்கும் கீழே, ஏறக்குறைய 2 லட்சம் கோடிக்கு விழுந்தது. நான்கில் ஒரு கடை நிரந்தரமாக மூடப்பட்டது, 24 லட்சம் பேர் வேலை இழந்தார்கள் என்று சங்கம் அப்போது சொன்னது. அங்கிருந்து 5.69 லட்சம் கோடிக்கு எழுந்தது பெரிய மீட்சிதான்.

ஆனால் 2019-20-ஐயும் 2023-24-ஐயும் நேருக்கு நேர் வைத்துப் பாருங்கள். நான்கு ஆண்டுகளில் 34 சதவீத உயர்வு. அதே நான்கு ஆண்டுகளில் நாட்டின் சில்லறை விலைவாசி சுமார் 26 சதவீதம் ஏறியது. விலை உயர்வைக் கழித்தால் நிஜ வளர்ச்சி நான்கு ஆண்டுக்கும் சேர்த்து ஏழு சதவீதத்துக்குள் அடங்கிவிடுகிறது. ஆண்டுக்கு ரெண்டு சதவீதத்தைத் தொடவில்லை. உங்கள் தட்டில் இருந்த இட்லியின் எண்ணிக்கை பெரிதாகக் கூடவில்லை, பில் கூடியது. தலைப்புச் செய்திகள் இந்தக் கழித்தலைப் பெரும்பாலும் செய்வதில்லை.

இன்னொரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். இவை தொழில் சங்கத்தின் மதிப்பீடுகள், தலையெண்ணிக் கணக்கெடுத்தவை அல்ல. அரசின் ஜிடிபி கணக்கில் ஹோட்டல்கள் வர்த்தகம், போக்குவரத்து, தகவல் தொடர்பு எல்லாவற்றோடும் ஒரே மூட்டையில் கட்டப்பட்டிருக்கின்றன. குடும்பச் செலவுக் கணக்கெடுப்பில் 2023-24-இல் நகரத்துக் குடும்பங்களின் மொத்தச் செலவில் 11.09 சதவீதம் 'பானங்கள், சிற்றுண்டி, பதப்படுத்திய உணவு' என்ற வகைக்குப் போயிருக்கிறது. உணவு வகைகளில் அதுதான் முதலிடம். அதைப் பார்த்து 'இந்தியர்கள் வெளியேதான் சாப்பிடுகிறார்கள்' என்று சிலர் எழுதினார்கள். அந்த வகைக்குள் பிஸ்கட்டும் சிப்ஸும்கூட இருக்கின்றன என்பதை மறந்துவிடக் கூடாது.

அறிக்கைக்குள் ஒளிந்திருக்கும் சுருக்கம்

அதே என்ஆர்ஏஐ அறிக்கை, 2027-28-இல் தொழில் 7.76 லட்சம் கோடியைத் தொடும் என்கிறது. ஆண்டுக்கு 8.1 சதவீத வளர்ச்சி. இதில் அமைப்புசார்ந்த பிரிவு, அதாவது சங்கிலிக் கடைகளும் முறையான கணக்கு, வரிப்பதிவு, உரிமம் எல்லாம் வைத்து நடத்தும் தனிக் கடைகளும், 43.8 சதவீதத்திலிருந்து 52.9 சதவீதமாக வளருமாம். மீதி இருப்பது அமைப்புசாராப் பிரிவு: தள்ளுவண்டி, தாபா, மெஸ், முட்டுச்சந்து டிபன் கடை.

இந்த விழுக்காடுகளை ரூபாயாக மாற்றினால்தான் படம் தெரியும். அமைப்புசார்ந்த பிரிவு சுமார் 2.5 லட்சம் கோடியிலிருந்து 4.1 லட்சம் கோடிக்குப் போகும். ஆண்டுக்கு 13 சதவீத ஓட்டம். அமைப்புசாராப் பிரிவு 3.2 லட்சம் கோடியிலிருந்து 3.65 லட்சம் கோடிக்கு. ஆண்டுக்கு வெறும் 3.4 சதவீதம். விலைவாசி 4 சதவீதம் ஏறும் என்று ரிசர்வ் வங்கியின் இலக்கையே வைத்துக்கொண்டால், சின்னக் கடைகளின் உலகம் நிஜத்தில் சுருங்கப் போகிறது என்று அர்த்தம். தொழில் வளரும் என்று சொல்லும் அறிக்கைக்கு உள்ளேயே இந்தச் சுருக்கம் இருக்கிறது. யாரும் மறைக்கவில்லை, ஆனால் யாரும் சொல்லவும் இல்லை.

நியாயமாக ஒன்றைச் சேர்க்க வேண்டும். இதில் ஒரு பகுதி வெறும் பெயர் மாற்றம். நேற்றுவரை பில் போடாத மெஸ் இன்று ஜிஎஸ்டி பதிவு எடுத்து பில்லிங் மெஷின் வைத்தால், அது ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு நகர்ந்துவிடும். கடை அதேதான், மாஸ்டரும் அதே ஆள்தான். எல்லாச் சின்னக் கடையும் அப்படி நகருமா என்பதுதான் விஷயம். இந்தத் தொழில் 85 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை கொடுக்கிறது என்று அதே அறிக்கை சொல்கிறது. நகர முடியாத கடைகளில் நிற்பவர்களுக்கு என்ன ஆகும் என்பதற்கு அதில் பதில் இல்லை.

நூறு ரூபாய் கல்லாவில் விழுந்தால்

தொழிலில் இருப்பவர்கள் மனக்கணக்காக ஒரு விதி வைத்திருப்பார்கள். நூறு ரூபாய் விற்பனையில் மளிகை, காய்கறி, இறைச்சி, பால் ஆகிய சரக்குக்கு 30 முதல் 35 ரூபாய். சம்பளத்துக்குச் சுமார் 20. வாடகைக்கு 10 முதல் 15. கரண்ட், கேஸ், பேக்கிங், பழுதுபார்ப்பு, விளம்பரம் என்று மீதி. எல்லாம் போக பத்து ரூபாய் நின்றால் நல்ல கடை. ஐந்து நின்றால் ஓடுகிற கடை.

இதில் வில்லன் யார் என்று கேட்டால் பலரும் வெங்காயம், தக்காளி என்பார்கள். 2023 ஜூலையில் தக்காளி விலை ஏறியபோது வட, கிழக்கு இந்திய மெக்டொனால்ட்ஸ் கடைகளில் 'தற்காலிகமாகத் தக்காளி கிடையாது' என்று அறிவிப்பு ஒட்டினார்கள். எல்லாரும் சிரித்தோம். ஆனால் காய்கறி விலை ஏறினால் இறங்கவும் செய்யும். 2025 அக்டோபரில் சில்லறைப் பணவீக்கம் 0.25 சதவீதம்வரை இறங்கியதற்குக் காய்கறி விலைச் சரிவும் ஒரு முக்கியக் காரணம். வாடகைக்கு அந்தப் பழக்கம் கிடையாது. ஒப்பந்தத்தில் எழுதியபடி ஏறும், இறங்கியதாக யாரும் கேள்விப்பட்டதில்லை. சென்னை, பெங்களூரில் அட்வான்ஸாகவே பல மாத வாடகையைக் கொட்ட வேண்டும். அந்தப் பணம் வட்டியில்லாமல் உறங்கும்.

எண்ணெயும் கேஸும் நடுவில் இருப்பவை. சமையல் எண்ணெயில் பெரும்பகுதியை நாம் இறக்குமதி செய்கிறோம். 2024 செப்டம்பரில் கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்க்கு அடிப்படை இறக்குமதி வரியை ஒரே நாளில் பூஜ்யத்திலிருந்து 20 சதவீதமாக ஏற்றியது ஒன்றிய அரசு. பரோட்டா மாஸ்டருக்கும் பஜ்ஜிக் கடைக்கும் அடுத்த டின்னிலேயே அது தெரிந்தது. 2025 மே கடைசியில்தான் 10 சதவீதமாகக் குறைத்தார்கள். 19 கிலோ வணிக சிலிண்டர் விலை மாதாமாதம் ஒன்றாம் தேதி மாறும். 2022 மே மாதம் டெல்லியில் அது 2,355 ரூபாயைத் தாண்டியது, பிறகு இறங்கியது. வீட்டு சிலிண்டருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், ஹோட்டல் சிலிண்டருக்கு 18 சதவீதம். இந்த 18-ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்து தேவைப்படும்.

ஐந்து சதவீத ஜிஎஸ்டி: வாடிக்கையாளருக்கு இனிப்பு, கடைக்குக் கசப்பு

உங்கள் பில்லில் சிஜிஎஸ்டி 2.5, எஸ்ஜிஎஸ்டி 2.5 என்று இருக்கும். 'அஞ்சு சதவீதம்தானே' என்று தோன்றும். இந்த வரி எப்படி வந்தது என்று தெரிந்தால்தான் கடைக்காரரின் புலம்பல் புரியும்.

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது ஏசி ஹோட்டலுக்கு 18 சதவீதம், ஏசி இல்லாததற்கு 12 சதவீதம். ஆனால் கடைக்காரர் தான் வாங்கும் பொருளுக்கும் சேவைக்கும் கட்டிய வரியை அதிலிருந்து கழித்துக்கொள்ளலாம். இதற்குத்தான் உள்ளீட்டு வரி வரவு என்று பெயர். கழித்த லாபத்தை ஹோட்டல்கள் விலைக் குறைப்பாக வாடிக்கையாளருக்குத் தரவில்லை என்று ஜிஎஸ்டி கவுன்சில் முடிவு செய்தது. 2017 நவம்பர் 15 முதல் வரி 5 சதவீதமாகக் குறைந்தது, கூடவே வரவு எடுக்கும் உரிமையும் போனது.

இதன் விளைவைப் பாருங்கள். மாதம் 10 லட்சம் விற்பனை, ஒரு லட்சம் வாடகை உள்ள கடை ஒன்றை வைத்துக்கொள்வோம். வணிகக் கட்டட வாடகைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அதாவது 18,000 ரூபாய். நீங்கள் வேலை பார்க்கும் ஐடி கம்பெனி அலுவலக வாடகைக்கு இதே வரியைக் கட்டினால், பொதுவாக அதை வரவாக எடுத்துக்கொள்ளும். ஹோட்டல்காரர் எடுக்க முடியாது. அது அப்படியே செலவு. அந்தக் கடையின் லாபம் 8 சதவீதம், அதாவது 80,000 ரூபாய் என்றால், வாடகை மேல் போட்ட வரி மட்டுமே அந்த லாபத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். இதன்மேல் கேஸுக்குக் கட்டிய 18, செயலியின் கமிஷன்மேல் போடும் 18, கிரைண்டருக்கும் ஃப்ரிட்ஜுக்கும் கட்டிய வரி எல்லாம் இருக்கின்றன.

'கட்டட உரிமையாளர் ஜிஎஸ்டி பதிவே வைத்திருக்கவில்லையே' என்று தப்பித்த கடைகளும் உண்டு. 2024 அக்டோபர் 10 முதல் அந்த வழியும் அடைபட்டது. உரிமையாளர் பதிவு இல்லாதவர் என்றால் பதிவு உள்ள வாடகைதாரரே அந்த வரியைக் கட்ட வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், அறை வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் உள்ள நட்சத்திர ஹோட்டல்களின் உணவகங்கள் 18 சதவீதம் வசூலிக்கின்றன, வரவும் எடுத்துக்கொள்கின்றன. பெரிய ஹோட்டலுக்குக் கிடைக்கும் கழிவு, தெருமுனை ஹோட்டலுக்குக் கிடையாது. 2025 செப்டம்பர் 22-இல் ஜிஎஸ்டி விகிதங்களை மாற்றியமைத்தபோது பேக்கெட் பன்னீர், சப்பாத்தி, பரோட்டாவுக்கு வரி போய்விட்டது, வெண்ணெய், நெய்க்குக் குறைந்தது. சரக்குச் செலவில் அது கொஞ்சம் உதவும். வரவு விஷயத்தில் ஒன்றும் மாறவில்லை.

இதில் என் கருத்து: வாடிக்கையாளரைப் பாதுகாக்க எடுத்த முடிவுதான் அது. ஆனால் எந்தச் செலவு உயர்ந்தாலும் அதன்மேல் உள்ள வரியும் சேர்ந்து கடைக்காரர் தலையில் விழுகிற மாதிரி அமைந்துவிட்டது. கடைசியில் அது விலையில்தான் வந்து நிற்கும். நாம் கட்டுவது 5 சதவீதம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம், அவ்வளவுதான்.

செயலியில் 300 ரூபாய் ஆர்டர்

இப்போது நீங்கள் எதிர்பார்த்த இடத்துக்கு வருவோம். 300 ரூபாய் சாப்பாடு. கடைக்கு நேரில் வந்து சாப்பிட்டால், சரக்குச் செலவு 100 போக 200 ரூபாய் நிற்கும். அதிலிருந்துதான் வாடகை, சம்பளம், மற்றதெல்லாம்.

அதே சாப்பாட்டைச் செயலியில் வாங்குகிறீர்கள். கடை சார்பில் 40 ரூபாய் தள்ளுபடி என்று வைப்போம். மிச்சம் 260. கமிஷன் 25 சதவீதம் என்றால் 65 ரூபாய். கமிஷன் கடைக்குக் கடை மாறும். 20 முதல் 30 சதவீதம் என்பது தொழிலில் அடிபடும் அளவு என்பதால் நடுவில் ஒன்றை எடுத்திருக்கிறேன். அந்த 65-க்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், 11 ரூபாய் 70 காசு. இப்போது கையில் 183 ரூபாய் 30 காசு. சரக்கு 100, டப்பா, பை, சாஸ் பொட்டலம் 12. நிற்பது 71 ரூபாய் 30 காசு. செயலிக்குள் மேலே தெரிய வேண்டும் என்று விளம்பரம் கொடுத்திருந்தால் இன்னும் குறையும். நேரில் வரும் ஒரு வாடிக்கையாளர் தருவதைச் சம்பாதிக்க, செயலியில் கிட்டத்தட்ட மூன்று ஆர்டர் வேண்டும்.

அப்படியென்றால் செயலியே வேண்டாமா? அவ்வளவு எளிதில்லை. மதியம் மூன்று மணிக்கு அடுப்பு சும்மா எரிகிறது, மாஸ்டர் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்றால், அப்போது வரும் ஆர்டரின் 71 ரூபாய் சுத்தமான கூடுதல். வாடகையும் சம்பளமும் ஏற்கெனவே கொடுத்தாயிற்று. நஷ்டம் எப்போது வருகிறது என்றால், நேரில் வந்துகொண்டிருந்த ஆள் சோபாவில் உட்கார்ந்தபடியே அதே கடையில் ஆர்டர் போடத் தொடங்கும்போது. அது கூடுதல் வியாபாரம் இல்லை, இடம் மாறிய வியாபாரம். பத்து மேஜை போட்டு வாடகை கொடுக்கும் கடைக்கு இதுதான் விஷம். மேஜையே இல்லாத க்ளவுட் கிச்சனுக்கு வாடகை குறைவு, ஆனால் வாடிக்கையாளர் முழுக்க முழுக்கச் செயலி வழியாகத்தான் வர வேண்டும். அதன் குடுமி முழுசாக இன்னொருவர் கையில்.

இன்னொரு விஷயம், யாருடைய வாடிக்கையாளர் என்பது. வாராவாரம் அந்தக் கடையில் வாங்கும் உங்கள் பெயரோ எண்ணோ கடைக்காரருக்குத் தெரியாது. 'ஏன் ஒரு மாசமா காணோம்?' என்று கேட்க வழியில்லை. பழைய ஹோட்டலில் கல்லாவில் இருப்பவருக்கு உங்களுக்குச் சர்க்கரை குறைவு என்பதுவரை தெரிந்திருக்கும். இந்தத் தகவலைப் பகிர வேண்டும் என்பது சங்கத்தின் நெடுநாள் கோரிக்கை. வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டால் எண்ணைப் பகிரும் ஏற்பாட்டை சொமேட்டோ தொடங்குவதாக 2025 நவம்பரில் செய்திகள் வந்தன.

சண்டை புதிதல்ல. 2019 ஆகஸ்டில் தள்ளுபடித் திட்டங்களை எதிர்த்து உணவகங்கள் 'லாக்அவுட்' போராட்டம் நடத்தின. 2021-இல் என்ஆர்ஏஐ போட்டி ஆணையத்தில் புகார் கொடுத்தது. 2022 ஏப்ரலில் ஸ்விக்கி, சொமேட்டோ இரண்டின் மீதும் விசாரணைக்கு ஆணையம் உத்தரவிட்டது. சில உணவகங்களுக்குச் சாதகமாக நடந்து இரு நிறுவனங்களும் போட்டிச் சட்டத்தை மீறியதாக விசாரணைப் பிரிவு கண்டறிந்தது என்று 2024 நவம்பரில் செய்தி வெளியானது. விசாரணைப் பிரிவின் முடிவு இறுதி உத்தரவு ஆகாது என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

நம் ஊரிலும் இது வெடித்தது. 2025 ஜூலை 1 முதல் ஸ்விக்கி, சொமேட்டோவுக்கு உணவு தருவதில்லை என்று நாமக்கல் ஹோட்டல் உரிமையாளர்கள் முடிவெடுத்தார்கள். கமிஷன் 35 சதவீதம்வரை போகிறது என்பது அவர்கள் புகார். பெரிய நகரத்தில் ஒரு கடை செயலியை விட்டு விலகினால் அந்த இடத்தைப் பக்கத்துக் கடை பிடித்துக்கொள்ளும். கடைக்காரர்கள் ஒருவரையொருவர் அறிந்த ஊரில்தான் இப்படிச் சேர்ந்து விலகுவதைப் பற்றி யோசிக்கவே முடியும்.

சரி, செயலிகள் கொழுத்துவிட்டனவா?

கடைக்காரரிடம் கேட்டால் ஆமாம் என்பார். கணக்குப் புத்தகம் அப்படிச் சொல்லவில்லை. சொமேட்டோவின் தாய் நிறுவனம், இப்போது எடர்னல் என்று பெயர், 2024-25-இல் 20,243 கோடி வருவாயில் 527 கோடி லாபம் காட்டியது. நூற்றுக்கு இரண்டரை ரூபாய். ஸ்விக்கி அதே ஆண்டில் 15,227 கோடி வருவாயில் 3,117 கோடி நஷ்டம். ஸ்விக்கியின் நஷ்டத்தில் பெரும்பகுதி மளிகையைப் பத்து நிமிஷத்தில் கொண்டுவரும் தொழிலால் வந்தது. சாப்பாடு டெலிவரி தனியாக நின்றால் நிலைமை அவ்வளவு மோசமில்லை. சாப்பாட்டில் மெதுவாகச் சம்பாதிப்பதை மளிகையில் வேகமாகச் செலவழிக்கிறார்கள் என்று சொன்னால் ரொம்பத் தப்பில்லை.

காசு தேவைப்படும்போது கடைக்காரரிடம் கமிஷனை அதற்குமேல் ஏற்றுவது கடினம். அதனால் கை உங்கள் பக்கம் நீளுகிறது. பிளாட்ஃபார்ம் கட்டணம் 2023-இல் ஆர்டருக்கு 2 ரூபாயாகத் தொடங்கியது. 2025 செப்டம்பரில் சொமேட்டோ 12 ரூபாய் வாங்கியது, ஸ்விக்கி சில இடங்களில் அதைவிட அதிகம். இரண்டு வருஷத்தில் ஆறு மடங்கு. இட்லி விலையை ஆறு மடங்கு ஏற்றியிருந்தால் தெருவில் சண்டை நடந்திருக்கும். இது பில்லில் கீழே சின்ன எழுத்தில் இருந்ததால் நடக்கவில்லை.

மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார், வண்டியில் வருபவர். 2025 நவம்பர் 21-இல் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி, செயலி நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதத்தை இப்படிப்பட்ட தொழிலாளர்களின் நலநிதிக்குத் தர வேண்டும். தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் தொகையில் 5 சதவீதம் என்பது உச்சவரம்பு. இரண்டரை ரூபாய் லாபத்தில் ஓடும் நிறுவனம் இதை எங்கிருந்து எடுக்கும்? கமிஷனிலா, உங்கள் பில்லிலா என்பதைப் பொறுத்திருந்து பார்க்கலாம்.

புதிய போட்டி வந்தால் கமிஷன் குறையுமா? பைக் டாக்ஸிக்குப் பேர்போன ராபிடோ, 2025 ஆகஸ்டில் பெங்களூரில் 'ஓன்லி' என்ற பெயரில் உணவு டெலிவரியைத் தொடங்கியது. உணவகங்களிடம் சதவீதக் கமிஷன் வாங்குவதில்லை என்பதுதான் அதன் பேச்சு. இதற்கு முன்னால் அரசு ஆதரவு பெற்ற ஓஎன்டிசி வந்தபோதும் இதே நம்பிக்கை இருந்தது. 2020 ஜனவரியில் ஊபர் ஈட்ஸ் தன் இந்தியத் தொழிலை சொமேட்டோவிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பியதிலிருந்து, சந்தையை இரண்டு பேர்தான் பங்குபோட்டு வைத்திருக்கிறார்கள். எனக்குப் பெரிய எதிர்பார்ப்பு இல்லை.

பெரிய சங்கிலிகளுக்கும் சுகமில்லை

சின்னக் கடை சுருங்கினால் பெரிய சங்கிலிகள் கொழிக்கும் என்று நினைக்கலாம். பங்குச் சந்தையில் இருக்கும் நிறுவனங்களின் காலாண்டு அறிக்கைகளைப் படித்தால் வேறு மாதிரி இருக்கிறது. அங்கே பார்க்க வேண்டிய எண் ஒன்றுதான்: 'அதே கடை விற்பனை'. புதிதாகத் திறந்த கடைகளை விட்டுவிட்டு, ஏற்கெனவே இருந்த கடைகளில் மட்டும் போன வருஷத்தைவிட எவ்வளவு கூடியது என்ற கணக்கு. புதுக் கடை திறந்து மொத்த வருவாயைப் பெரிதாகக் காட்டலாம். இந்த எண்ணை அப்படி ஊத முடியாது.

2024-25-இல் கேஎஃப்சி கடைகளை நடத்தும் தேவயானி, சஃபயர் இரண்டு நிறுவனங்களிலும் பல காலாண்டுகளில் இந்த எண் கீழே போனது. கடை கூடியது, கடைக்கான கூட்டம் குறைந்தது. டாமினோஸ் நடத்தும் ஜூபிலண்ட் இலவச டெலிவரி கொடுத்து ஆர்டரைக் கூட்டிக்கொண்டது. அதற்குச் சொந்த டெலிவரி ஆட்கள் இருக்கிறார்கள், இரண்டாயிரத்துக்கும் மேல் கடைகள் இருக்கின்றன. தெருமுனை ஹோட்டலால் அது முடியாது. 2026 ஜனவரியில் தேவயானியும் சஃபயரும் ஒன்றாக இணைவதாக அறிவித்தன. ஒரே பிராண்டை இரண்டு பேர் இரண்டு அலுவலகம் வைத்து நடத்துவது கட்டுப்படியாகவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

விலையை ஏற்றினால் ஆயிற்று என்று தோன்றும். பீட்சாவில், பர்கரில் இருபது ரூபாய் ஏற்றினால் கவனிக்காத நாம், காபியில் ஐந்து ரூபாய் ஏற்றினால் கவனிக்கிறோம். 2025 தொடக்கத்தில் உலகச் சந்தையில் காபிக்கொட்டை விலை வரலாற்று உச்சத்தைத் தொட்டது. பால் விலையும் சேர்ந்து ஏறியது. தினமும் வருகிற ஆள் ஒவ்வொரு ரூபாயையும் எண்ணிவைத்திருப்பார். அதனால் சின்னக் கடைகள் விலையை விட்டுவிட்டு அளவில் கை வைக்கின்றன. வடை இளைக்கிறது, சட்னி மூன்றிலிருந்து இரண்டாகிறது.

உங்கள் பில்லில் எந்தக் காசு யாருக்கு?

அடுத்த முறை ஆர்டர் போட்டதும் பில்லை முழுசாக விரித்துப் பாருங்கள். சாப்பாட்டு விலையிலும் பேக்கிங் கட்டணத்திலும்தான் கடைக்குப் பங்கு. சாப்பாட்டுக்கான 5 சதவீத ஜிஎஸ்டியை 2022 ஜனவரி 1 முதல் செயலியே அரசுக்குக் கட்டுகிறது. கடைக்கு ஜிஎஸ்டி பதிவே இல்லாவிட்டாலும் அது உங்களிடம் வசூலாகும். டெலிவரி கட்டணமும் பிளாட்ஃபார்ம் கட்டணமும் கடைக்கு வருவதில்லை. டெலிவரி கட்டணத்துக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு. டிப்ஸ் வண்டிக்காரருக்கு. நேரில் சாப்பிடும் இடத்தில் 'சர்வீஸ் சார்ஜ்' என்று தானாகச் சேர்த்திருந்தால் அதைக் கட்டாயமாக்க முடியாது, டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28-இல் இதை உறுதி செய்திருக்கிறது.

பிறகு, பில்லில் இருக்கும் சாப்பாட்டு விலையைக் கடையின் சொந்த மெனு கார்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பல கடைகள் கமிஷனை ஈடுகட்டச் செயலியில் விலையைக் கூட்டித்தான் வைத்திருக்கின்றன. வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கும் கடை என்றால், போனில் சொல்லிவிட்டுப் போய்ப் பார்சல் வாங்கினால் உங்களுக்கு ஐம்பது, அறுபது ரூபாய் மிச்சமாகலாம். மேலே போட்ட கணக்கின்படி, பேக்கிங் போகக் கடைக்காரருக்கு 71-க்குப் பதில் 188 ரூபாய் நிற்கும்.